வீட்டிலிருந்தே ஒரு விளையாட்டு உத்தியோகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இதே மேடையில் புலவர் பெருமக்கள் குறளின் மாண்பையும் சிலம்பின் சிறப்பையும் எடுத்துரைத்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் இன்று எங்களைப் போன்ற ஓர் இரயில்வே எழுத்தரை நிறுத்தியிருக்கிறார் செயலாளர். பத்தாம் வகுப்புத் தேறியதோடு எங்கள் ஏட்டுக் கல்வி முடிந்துபோயிற்று. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் இரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவர்கள் நாங்கள். இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. ஆகவே, எங்கள் வீட்டில் நடந்த ஒரு செய்தியைப் பேசுகிறோம். அது உங்கள் வீடுகளிலும் நடக்கக்கூடியது. சில வீடுகளில் இப்போதே நடந்துகொண்டிருப்பது.

"வீடியோ கேம் செய்யும் கம்பெனியில், வீட்டிலிருந்தபடியே வேலை தேடுகிறேன்" என்று எங்கள் மகள் ஒருநாள் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தில் எங்களுக்கு விளங்காதவை இரண்டு இருந்தன. விளையாட்டு எப்படி உத்தியோகமாகும் என்பது ஒன்று. வாசலும் வருகைப் பதிவேடும் இல்லாத இடத்தில் எப்படி வேலை பார்ப்பது என்பது மற்றொன்று.

அன்பர்களே! நாம் ஏன் இந்த ஊருக்கு வந்தோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேலை இங்கே இருந்தது, ஆகவே வந்தோம். இராமச்சந்திரபுரத்தில் பி.எச்.இ.எல். ஆலை எழுந்தது. 1972ஆம் ஆண்டு நம் பட்டான்செருவிலேயே சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகியவற்றை ஆராயும் இக்ரிசாட் என்னும் அனைத்துலக நிலையம் அமைந்தது. தொழிற்பேட்டையில் மருந்து ஆலைகளும் இயந்திர ஆலைகளும் பெருகின. தென் மத்திய இரயில்வே 1966 அக்டோபரில் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. வேலை ஓரிடத்தில் நின்றது. மனிதன் அதைத் தேடி நடந்தான். பெற்ற தாயை அரக்கோணத்தில் விட்டுவிட்டு நாங்கள் இங்கு வந்ததும் அந்த நியதிப்படியே. விடியற்காலை பேருந்து ஏறி இலிங்கம்பள்ளிக்குப் போய், அங்கிருந்து புறநகர் இரயிலில் செகந்திராபாத் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவதே உத்தியோகம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது 2020ஆம் ஆண்டு. மார்ச்சு மாத இறுதியில் நாடே கதவடைத்துக்கொண்டது. நம் குடியிருப்பில் கணினித் துறைப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்டார்கள். அதே வேளையில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சங்காரெட்டி அருகே கந்தியில் ஐ.ஐ.டி. கட்டடப் பணிக்கு வந்திருந்த வடநாட்டுத் தொழிலாளர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். 2020 மே முதல் நாள், நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு இரயில் நம் இலிங்கம்பள்ளியிலிருந்துதான் ஜார்க்கண்டு மாநிலத்து ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 பேர் அதில் சென்றனர். வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தவன் ஒருவன். வேலையும் வீடும் ஆயிரம் மைல் பிரிந்து நின்றவன் மற்றொருவன். இவ்விருவரையும் ஒரே மாதத்தில் கண்ட ஊர் நம் ஊர். எனவே, வீட்டிலிருந்தே வேலை என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை நாம் நன்கு அறிவோம்.

உண்மையில், தொலைவிலிருந்து வேலை பார்ப்பது இரயில்வேக்குப் புதிதும் அன்று. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் செக்‌ஷன் கண்ட்ரோலர் தாம் நடத்தும் வண்டிகளுள் ஒன்றையேனும் கண்ணால் காண்பதில்லை. எந்த வண்டியை எந்த நிலையத்தில் ஒதுக்கி நிறுத்துவது, எதை முன்னே விடுவது என்பதையெல்லாம் கம்பி வழியே வரும் குரலைக் கேட்டும் வரைபடத்தைப் பார்த்துமே தீர்மானிக்கிறார். நேரமும் நம்பிக்கையும் எழுத்துப் பதிவும் ஒழுங்காக இருந்தால் தூரம் ஒரு தடையன்று. இந்த உவமை எங்கள் மனத்தில் உதித்தபோதுதான் மகள் சொன்னதன் இரண்டாவது பாதி எங்களுக்கு விளங்கியது.

முதற்பாதி விளங்க நெடுநாள் ஆயிற்று. பிள்ளை விளையாடினால் பிரம்பை எடுத்த தலைமுறை நாம். ஆயினும் விளையாட்டை இகழும் உரிமை தமிழர்க்கு உண்டோ? பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் நம் திண்ணைகளில் வளர்ந்தவை அல்லவா? ஏகாதசி இரவு விழித்திருக்க நம் பாட்டிமார் விரித்த பரமபதம்தானே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று ஏணியும் பாம்புமாக உலகைச் சுற்றியது? பழைய பச்சீசி ஆட்டம் லூடோவாகிச் சென்று, 2016ஆம் ஆண்டு நவி மும்பையில் கைபேசி விளையாட்டாகத் திரும்பி வந்தது. 2020இல் ஊரடங்கில் அதை ஆடாத வீடு நம் குடியிருப்பில் இருந்ததா? சதுரங்கத்தில் 1988ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் விசுவநாதன் ஆனந்த். 2024 டிசம்பரில் பதினெட்டே வயதில் உலக வாகையர் ஆனார் சென்னைப் பிள்ளை குகேஷ். விளையாட்டு நம் இரத்தத்தில் ஊறியது. அதைச் செய்து விற்கும் தொழிலை மட்டும் நாம் அறியாதிருந்தோம்.

அத்தொழிலின் வரலாறு நீண்டதன்று. 1958ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில், பார்வையாளரை மகிழ்விக்கவென்று இகின்பாதம் என்னும் இயற்பியலார் ஓர் அலைகாட்டித் திரையில் டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். இக்ரிசாட் பிறந்த அதே 1972இல் 'பாங்' என்னும் ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தது. 1984இல் மாஸ்கோவில் பாஜித்னவ் என்பவர் அலுவலகக் கணிப்பொறியில் 'டெட்ரிஸ்' செய்தார். 1997இல் நோக்கியா கைபேசியில் புகுந்த பாம்பை நம்மில் பலர் இரயில் பயணங்களில் வளர்த்திருக்கிறோம். அதே 1997இல் பெங்களூரில் இராஜேஷ் ராவ் என்பவர் துருவா இன்டராக்டிவ் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். அயல்நாட்டு விளையாட்டுகளுக்குப் படமும் உருவமும் செய்துகொடுப்பது அதன் முக்கியத் தொழிலாயிற்று. 2019இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பிரெஞ்சு நாட்டு யூபிசாப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும் கூடங்கள் உண்டு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு நம் ஹைதராபாத்திலேயே கூடம் உண்டு. நம் குழந்தைகள் வாய்பிளந்து பார்க்கும் சோட்டா பீமும் ஹைதராபாத்துப் பிள்ளைதான் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு விளையாட்டைச் செய்வது ஒருவர் வேலையன்று. ஆட்டத்தின் விதிகளை வகுப்போர் ஒருசாரார். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர் ஒருசாரார். படம் வரைவோர், உருவத்தை நடக்கவைப்போர், இசையும் ஓசையும் சேர்ப்போர், கதையும் உரையாடலும் எழுதுவோர், வேற்றுமொழிக்கு மாற்றுவோர், பிழை தேடிச் சொல்லும் சோதனையாளர், இத்தனை பேரையும் நாள் தவறாமல் நடத்திச்செல்லும் மேலாளர் என்று பல துறைகள். நாடகக் கம்பெனி ஒன்றை மனத்தில் கொண்டால் போதும். மேடையில் தெரிபவன் இராஜபார்ட். ஆனால் திரை இழுப்பவன் இல்லையேல் நாடகம் உண்டோ?

இங்கே பெற்றோர்க்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். பணம் வைத்து ஆடும் சூதும் இதுவும் ஒன்றல்ல. இணையச் சூதாட்டத்தைத் தெலங்கானா அரசு 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடெங்கும் விலக்கியதோடு, பணயம் இல்லாத விளையாட்டுகளை வளர்க்கவும் வழிசெய்தது. ஆகவே, பிள்ளை "கேம் கம்பெனி" என்றவுடன் சூதுக்களம் என்று பதறவேண்டியதில்லை. என்ன ஆட்டம், அதில் பணயம் உண்டா என்று கேட்டுத் தெளிந்தால் போதும்.

இவ்வளவும் இன்று சொல்கிறோம். அன்று எங்களுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. தெரியாமல் நாங்கள் செய்த பிழையைத்தான் இப்போது சொல்லப்போகிறோம். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதைச் சொல்லவே இந்த மேடை ஏறினோம்.

எங்கள் மகள் ஓவியத்தில் பட்டயம் பெற்றவள். ஓராண்டு முழுவதும் இரவு பகலாக விண்ணப்பம் அனுப்பினாள். பெங்களூருக்கும் புனேக்கும் போய்த் தங்க எங்கள் சம்பளம் இடங்கொடாது; தாயின் உடல்நிலையும் ஒரு காரணம். அதனால் வீட்டிலிருந்தே செய்யும் வேலையையே தேடினாள். பெரும்பாலான விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. வந்த பதில்கள் "வருந்துகிறோம்" என்ற ஒரே பாட்டைப் பாடின. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உணவு குறைந்தது. தாய்க்கும் தந்தைக்கும் அது போதாதா?

அப்போது அலுவலக நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு விளம்பரத்தை அனுப்பிவைத்தார். வெளிநாட்டு வீடியோ கேம் கம்பெனி. வீட்டிலிருந்தே சோதனையாளர் பணி. மாதம் 65,000 ரூபாய். மகளுக்குத் தெரியாமல் அவளுடைய விவரங்களை நாங்களே அனுப்பினோம். மறுநாளே நியமன ஆணை வந்துவிட்டது. முத்திரையும் கையொப்பமும் எங்கள் இரயில்வே ஆணையைக் காட்டிலும் எடுப்பாக இருந்தன! கம்பெனி அனுப்பும் மடிக்கணினிக்குப் பிணைத்தொகையாக 18,500 ரூபாய் கட்டவேண்டும், அது முதல் சம்பளத்தோடு திரும்பி வரும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரியின் சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்த நேரம். இருவரும் கலந்து பேசி அன்றிரவே அனுப்பிவிட்டோம். பிறந்தநாளுக்குப் புடைவை வாங்கி ஒளித்துவைப்பதுபோல் அந்த ஆணையை ஒளித்துவைத்தோம்.

விடிந்ததும் பாதுகாப்புச் சான்றுக்கென்று மேலும் 12,000 ரூபாய் கேட்டார்கள். அப்போதுதான் ஐயம் தட்டியது. மகளை அழைத்துக் காட்டினோம். ஒரே நிமிடத்தில் அவள் கண்டுகொண்டாள். கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது. நேர்முகம் இல்லை, அவள் வரைந்த ஒரு படத்தையேனும் எவரும் கேட்கவில்லை. யாரோ எத்தர்கள் ஒரு பெயரைத் திருடிப் பூட்டிக்கொண்டு வலை விரித்திருக்கிறார்கள். அவளே உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிட்டாள். இடையில் ஒரு கணக்கில் 4,000 ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. மற்றது கரைந்தே போயிற்று.

பணம் போனதற்கு அவள் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. இரவு விளக்கணைத்த பின் அவள் கூறியதுதான் இன்றும் எங்கள் நெஞ்சில் தைத்திருக்கிறது. "அப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! நான் செய்வது ஒரு வேலை என்று நீங்கள் நம்பவே இல்லை. அதனால்தான் காசு கொடுத்து எனக்கொரு வேலை வாங்கப் பார்த்தீர்கள்."

பெரியோர்களே! கை நிறையச் சம்பளம் வாங்காவிட்டாலும், கைநீட்டிக் காசு வாங்காதவர்கள் நாங்கள் என்ற பெருமிதம் எங்களுக்குண்டு. அந்தப் பெருமிதம் அன்றிரவு தலைகுனிந்தது. வாங்குவது மட்டுமா குற்றம்? வேலைக்காகக் கொடுப்பதும் அதன் உடன்பிறப்பன்றோ?

மறுநாள் விடுமுறை. "அம்மா, நீ என்னதான் செய்கிறாய் என்று எங்களுக்குக் காட்டு" என்று கேட்டோம். கல்லூரிக் காலம் முதல் அவளை அப்படி ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை. அவள் காட்டினாள். இரயில் பெட்டியில் எதிரெதிர் இருக்கையில் அமர்ந்து ஒரு பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆடுகிறார்கள். இருபுறமும் ஏழேழாகப் பதினான்கு குழிகள், புளியங்கொட்டைகள், நான்கு சேர்ந்தால் 'பசு'. நிலையம் வரும்போதெல்லாம் பாட்டி தன் வாழ்க்கையில் ஒரு கதை சொல்லுவாள். விதிகளை அரக்கோணத்திலிருந்த எங்கள் தாயாரிடமே தொலைபேசியில் கேட்டுக் கேட்டுக் குறித்திருக்கிறாள். நாங்கள் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் பேசும் தாயோடு, எங்கள் மகள் வாரம் தவறாமல் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

படத்தில் ஒரு நிலையம் வந்தது. எழுத்தர் கண் சும்மா இருக்குமா? "பெயர்ப்பலகையில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று போடவில்லையே" என்றோம். கைகாட்டியின் விளக்கு தவறாக இருந்தது, சொன்னோம். அவள் சிரித்துக்கொண்டே, "முழுவதும் ஆடிப் பார்த்துப் பிழைகளை எழுதிக் கொடுங்கள் அப்பா" என்றாள். பழைய பதிவேடு ஒன்றை எடுத்துக் கோடு கிழித்தோம். எந்த இடம், என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, மீண்டும் செய்தால் மீண்டும் நடக்கிறதா என்று ஐந்து பத்திகள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 31 பிழைகள் எழுதினோம். ஒன்பதாவது குழியில் கொட்டை தீர்ந்தால் பாட்டி மறைந்துபோவாள்; அது பெரிய பிழை. அவள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, சோதனையாளர் வேலை என்பது இதேதான். இப்படி எழுதத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள்" என்றாள். இருபதாண்டுகள் கோப்பில் எழுதிய கை அது. விளையாட்டுக் கம்பெனியில் அதற்கும் ஒரு நாற்காலி உண்டு என்று கேட்டபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வோம்!

இதற்கெல்லாம் அவள் மென்பொருளுக்கென்று செலவிட்ட தொகை ஒன்றுமில்லை. அர்ஜென்டினா நாட்டவர் இருவர் உருவாக்கி 2014இல் எல்லோர்க்கும் பொதுவாக்கிய 'கோடோ' என்னும் விளையாட்டுப் பொறி விலையின்றிக் கிடைக்கிறது. ஆலந்து நாட்டில் பிறந்து 2002 முதல் பொதுவுடைமையான 'பிளெண்டர்' என்னும் வரைகருவியும் அவ்வாறே. 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் உலக விளையாட்டு ஆக்கத் திருவிழா போன்றவற்றில் முன்பின் அறியாதார் குழுவாய்க் கூடி, 48 மணி நேரம் போன்ற குறுகிய காலத்தில் ஒரு சிற்றாட்டத்தைச் செய்து முடிக்கிறார்கள். இத்தொழிலில் சான்றிதழைக் காட்டிலும் முடித்துக் காட்டிய பொருளே பேசும். பெரிதாகத் தொடங்கிப் பாதியில் விட்டது பத்து இருப்பினும், சிறிதாகத் தொடங்கி முடித்தது ஒன்றே மேல்.

எங்கள் மகள் தன் ஆட்டத்தை முடித்து, எவரும் விலையின்றி ஆடும்படி வெளியிட்டாள். அதன் முகவரியைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பங்கள் அனுப்பினாள். அறுபதுக்கு மூன்று பதில் வந்தது. அவற்றுள் ஒன்று, ஐரோப்பாவில் ஏழு பேர் மட்டுமே கொண்ட ஒரு சிறு குழுவினுடையது. இரண்டு வாரச் சோதனைப் பணி கொடுத்து, அதற்கும் கூலி கொடுத்து, பிறகு ஆறுமாத ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பின்னணிக் காட்சிகள் வரைகிறாள். அங்கே குளிர்காலத்தில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பகல் ஒன்றரை. ஒன்றரைக்கு அமர்ந்து இரவு ஒன்பதரைக்கு எழுகிறாள். அப்போது நாங்கள் மூவரும் சேர்ந்து உண்கிறோம்.

இதைக் கேட்டு இளைஞர்கள் மயங்கிவிடலாகாது. இந்த வேலையின் நிழற்பக்கத்தையும் சொல்வது கடமை. ஒப்பந்தப் பணியாளர்க்கு வருங்கால வைப்புநிதி இல்லை. மருத்துவக் காப்பும் இல்லை. வரியைத் தாமே கணக்கிட்டுச் செலுத்த வேண்டும். ஆறுமாதத்துக்குப் பின் என்ன என்பது எங்கள் மகளுக்கும் இன்று தெரியாது. பெரிய கம்பெனிகளும் நிலையானவை அல்ல. 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அடுத்த மாதமே சோனி நிறுவனம் 900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. வீட்டிலிருந்து பார்க்கும் வேலையும் சுருங்கிவருகிறது. வெளிவராத ஆட்டத்தின் காட்சிகள் 2022இல் கசிந்துபோன அனுபவம் கண்ட ராக்ஸ்டார் நிறுவனம், 2024 ஏப்ரல் முதல் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்று பணித்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது குறுகிய கதவு.

இனி ஒரு நற்செய்தி. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நிறைவுறாது. 2023 ஜூலை இறுதியில் கனடா நாட்டு டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு கூடம் ஒரு வீடியோ கேமை வெளியிட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'வெண்பா'! தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தலைவியின் பெயர் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். கதை 1988இல் தொடங்குகிறது. இதில் வாளுமில்லை, துப்பாக்கியுமில்லை, சமையலே ஆட்டம். தாய் எழுதிக்கொடுத்த சமையற்குறிப்பு ஏடு கிழிந்தும் கறை படிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்து ஆடுபவர் இட்டிலி அவிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது.

எங்கள் மகள் அதை ஒருநாள் மாலை திரையில் ஓட்டினாள். இட்டிலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கட்டம் வந்தது. பொதுவாக எந்தக் கணிப்பொறியையும் தொடாத வீட்டுக்காரி, "அடுக்கை மாற்றி வை, கீழ்த்தட்டின் குழிக்கு நேரே மேல்தட்டின் குழி வரக்கூடாது, ஆவி ஏறாது" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். திரையில் இட்டிலி வெந்தது! மகன் தமிழில் பேச வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் விடை சொல்லும் கட்டம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. கனடாவுக்கும் பட்டான்செருவுக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் தெலுங்குப் பள்ளியில் படித்துவிட்டு வந்து தமிழில் எழுத்துக்கூட்டும் நம் பிள்ளைகள் அந்தக் கவினுக்கு என்ன உறவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டுவந்த நம் வாழ்வும் உலகம் ஆடிப்பார்க்கும் பொருளாகக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

ஆகவே இளைய நண்பர்களே! எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்டால் அவன் வேலை கொடுப்பவன் அல்லன். நேர்முகமும் சோதனையும் இன்றி வரும் ஆணையைக் கிழித்தெறியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்த நொடியே 1930ஐ அழையுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு உதவி. ஒப்பந்தத்தில் கூலி எவ்வளவு, எந்த நாளில், எந்த நாணயத்தில், நீங்கள் வரைந்தது யாருக்குச் சொந்தம் என்பவற்றைப் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். ஒரு துறையைப் பிடியுங்கள்; ஒரு சிறு ஆட்டத்தையேனும் முடியுங்கள். வேலை கிடைக்கும் வரை வீட்டுக்குப் பாரமாகாமல் வேறு வருவாய்க்கும் வழி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகள் அந்த ஓராண்டில் மாலைதோறும் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தாள்.

பெற்றோரே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திரையின்முன் அமர்ந்திருப்பதைக் கண்டவுடன் சினவாதீர்கள். அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, "இது என்ன, காட்டு" என்று கேளுங்கள். விளையாடிப் பொழுதைக் கழிக்கிறானா, செய்து பழகுகிறானா என்பது பத்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். நாங்கள் 14,500 ரூபாய் இழந்து கற்ற பாடத்தை நீங்கள் காசின்றிக் கற்றுக்கொள்ளலாம்.

நிறைவாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பக அறை பிற்பகல் முழுவதும் பூட்டிக்கிடக்கிறது. அங்கே இரண்டு கணினிகளும் நல்ல இணைய இணைப்பும் அமைத்தால், வீட்டில் இடமும் அமைதியும் இல்லாத பிள்ளைகள் அமர்ந்து வேலை பழகலாம். வந்த ஆணை மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்ல, விவரமறிந்த இருவரைச் சங்கம் நியமிக்கலாம். ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பை விடாது நடத்துங்கள். நாளை ஓர் ஆட்டத்தைத் தமிழாக்க ஆள் தேடி ஒருவன் உலகின் மூலையிலிருந்து வரும்போது, நம் பிள்ளை "எனக்குத் தமிழ் தெரியும்" என்று தலைநிமிர்ந்து சொல்ல வேண்டாமா? முதல் கணினிக்கு எங்கள் வீட்டின் பங்காக, நிறுத்திவைக்கப்பட்ட அந்த 4,000 ரூபாய் திரும்பி வரும் நாளில் அதை அப்படியே சங்கத்துக்குத் தருவோம் என்று இந்த அவையில் வாக்களிக்கிறோம்.

எங்கள் தந்தையார் தலைமுறை வேலையைத் தேடித் தண்டவாளத்தின் வழியே வந்தது. எங்கள் மகளின் தலைமுறைக்கு வேலை கம்பியின் வழியே வீட்டுக்கு வருகிறது. வருவது எந்த வண்டி என்று பார்த்துக் கைகாட்டியை இறக்குவது மட்டும் அன்றும் இன்றும் நம் பொறுப்பு.